ஈரச் சப்பாத்தும் மாலை ஐந்து மணியும்: வெங்கனில் ஸ்கீ விருந்தினரைக் கவனிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஏப்ரலில் கடைசி விருந்தினரை ரயிலேற்றிவிட்டு வந்து சப்பாத்து அறைக் கதவைத் திறந்தேன். நாலு மாதம் இரவிரவாக பனிச்சறுக்குக்குப் போடும் இருபது சோடி ஸ்கீச் சப்பாத்துகள் காய்ந்த அறை. அந்த மணம் இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு அங்கிருந்த வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் நான் செய்த பிழைகளில் பாதி அந்த அறைக்குள் நடந்தவை. விருந்தினர் எழுதிவிட்டுப் போன நன்றிக் குறிப்புகளில் பாதியும் அந்த அறையைப் பற்றியவைதான்.

சுவிஸில் பன்னிரண்டு வருடம் ஹோட்டல் குசினிகளில் நின்றவள் நான். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு வந்தேன். இங்கே நம்மவர் பலருடைய கதையும் அதுதான். விருந்தினரை முகத்துக்கு முகம் பார்த்துக் கவனிக்கும் வேலை சென்ற டிசம்பரில்தான் கிடைத்தது. வெங்கன் என்னும் சுவிஸ் மலையூரில் எட்டு அறைகள் உள்ள ஒரு மரவீடு. காலை உணவும் மாலையில் சூப்பும் வீட்டுப் பொறுப்பு, மற்றதெல்லாம் விருந்தினர் பாடு. அடுத்த பருவத்துக்கு இதே மாதிரி வேலைக்குச் சேரப்போகும் இரண்டு பேர் தொலைபேசியில் என்னைக் கேட்டபடி இருக்கிறார்கள். சமையல் எவ்வளவு தெரிய வேண்டும், ஜெர்மன் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. நான் சொல்வதெல்லாம் சப்பாத்தைப் பற்றியும் மாலை ஐந்து மணியைப் பற்றியும். அதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

வேலைக்கு ஏறும் முன்

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். சுவிஸ் ஹோட்டல், உணவகத் துறைக்கு ஒரு தேசியக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி கிழமைக்கு இரண்டு ஓய்வு நாட்கள் உங்களுக்கு உண்டு. சனிக்கிழமையை மட்டும் ஓய்வு நாளாகக் கேட்காதீர்கள். கேட்டால் இந்த வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

முதல் விருந்தினர் வருவதற்குக் குறைந்தது ஒரு கிழமை முன்னதாக ஊருக்கு வந்துவிடுங்கள். வெங்கன் 1,274 மீட்டர் உயரத்தில் மலை விளிம்பில் இருக்கிறது. கார் வராது. கீழே லவுட்டர்புருன்னன் வரை காரில் வந்து, அங்கே நிறுத்திவிட்டு, 1893 முதல் ஓடும் பற்சக்கர ரயிலில் ஏறித்தான் எவரும் மேலே வர வேண்டும். ஆகவே உங்கள் முதல் பயிற்சி இது: ஒரு கனத்த பெட்டியோடு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை பனியில் நடந்து பாருங்கள். எந்த வளைவில் வழுக்குகிறது, எந்த இடத்தில் பெட்டியின் சில்லு பனியில் புதைகிறது, எங்கே வழி தவறும் என்பது உங்கள் காலுக்குத் தெரிய வேண்டும். கைத்தொலைபேசியில் இருக்கும் வரைபடம் ஏற்றத்தைச் சொல்லாது.

ஸ்கீ தெரிந்திருக்க வேண்டுமா? நான் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு நாள் பழகினேன். இரண்டாவது நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் என்னைத் தூக்கிவிட்டான். திறமை வரவில்லை என்றாலும் சப்பாத்து எங்கே கடிக்கும், கையுறை எப்போது நனையும், ஆட்களை மலைமேல் ஏற்றும் கடைசி லிஃப்டைத் தவறவிட்டவனுக்கு வயிற்றில் என்ன செய்யும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு அது போதும்.

சனிக்கிழமை

இங்கே கிழமை என்பது சனி முதல் சனி வரை. காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் வெளியே, மாலை நாலு மணிக்கு அடுத்த கூட்டம் உள்ளே. நடுவில் இருப்பது ஆறு மணி நேரம், எட்டு அறை, இரண்டு பேர். வரிசை முக்கியம். முதலில் எல்லா ஜன்னல்களையும் திற. அடுத்து விரிப்பையும் துவாய்களையும் கழற்றி முதல் சுற்றைத் துணிதுவைக்கும் இயந்திரத்தில் போடு. அது ஓடும் நேரத்தில் குளியலறைகள். கட்டில் விரிப்பது கடைசிக்கு முதல், தரை கடைசி. முதல் சனிக்கிழமை நான் தரையிலிருந்து தொடங்கினேன். பதினொரு மணிக்குப் பெட்டி எடுக்கத் திரும்பி வந்த ஒரு குடும்பம் பனிச் சப்பாத்தோடு மூன்று அறைகளைச் சுற்றிவிட்டுப் போனது.

வரப்போகிறவர்களுக்கு வியாழக்கிழமையே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். மூன்று விஷயம் போதும்: காரைக் கீழே விடவேண்டும், பெட்டியை எப்படி மேலே கொண்டுவருவது, காலில் வழுக்காத சப்பாத்து போட்டு வரவேண்டும். ஊருக்குள் பெட்டி ஏற்ற மின்வண்டிகள் ஓடுகின்றன; வீட்டில் ஒரு மரச்சறுக்கு வண்டி இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டுச் சிறு சறுக்கு வண்டியில் பெட்டிகளைக் கட்டி இழுத்து வந்த பிள்ளைகள், கிழமை முடியும்வரை அந்த வண்டியை விடவில்லை.

அதே செய்தியில், உபகரணம் வாடகைக்கு எடுப்பவர்களிடம் பாதத்தின் நீளம், உயரம், எடை, வயது கேட்டு வாங்குங்கள். ஸ்கீச் சப்பாத்தின் அளவு சென்ரிமீட்டரில்தான், பாத நீளமே அளவு. எடையைக் கேட்கும்போது காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கீயில் சப்பாத்தைப் பிடித்திருக்கும் பூட்டு, விழும்போது கழன்றுவிட வேண்டும். எந்த விசையில் கழல வேண்டும் என்று கடைக்காரர் எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓட்டும் திறமை ஆகியவற்றை வைத்துத்தான் முடுக்குகிறார். எடையை எட்டுக் கிலோ குறைத்துச் சொன்னால் பூட்டு தேவையில்லாத இடத்தில் கழன்று விடும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழலவேண்டிய இடத்தில் கழலாது, முழங்கால் திருகும். இதைச் சொன்ன பிறகு எனக்கு வந்த எடைகள் எல்லாம் சற்றுக் கூடின.

வந்ததும் விருந்தினர் பதிவு, குர்டாக்ஸ என்னும் விருந்தினர் வரி, விருந்தினர் அட்டை. இதில் பிழை விட்டால் கணக்கு உங்கள் தலையில்தான் வந்து விழும். அன்றிரவே முடித்துவிடுங்கள்.

சப்பாத்து அறை

விருந்தினர் மலையைப் பார்க்க வருகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜன்னலுக்கு நேரே 4,158 மீட்டர் யுங்ஃபிராவ் நிற்கிறது, வேறென்ன வேண்டும்? முதல் கிழமையிலேயே தெளிந்துவிட்டேன். காலையில் கால் ஈரச் சப்பாத்துக்குள் போனால் யுங்ஃபிராவும் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கீச் சப்பாத்துக்கு இரண்டு பாகம். வெளியே கடினமான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே நுரை வைத்த மெத்தை. பனி வெளியே ஒட்டும், வியர்வை உள்ளே ஊறும். உள்மெத்தை காயாவிட்டால் அடுத்த நாள் கால் குளிரில் விறைக்கும், தோல் உரியும். சப்பாத்து உலர்த்தி என்பது சுவரில் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம்; ஒவ்வொரு குழாயிலும் ஒரு சப்பாத்தைக் கவிழ்த்து மாட்டினால் இளஞ்சூடான காற்று இரவெல்லாம் உள்ளே போகும். இளஞ்சூடு என்பதைக் கவனியுங்கள். டிசம்பரில் ஒரு மாலை குழாய்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. மிஞ்சிய ஒரு சோடியை வெப்பமூட்டிக்கு மேலே வைத்தேன். காலையில் உள்மெத்தையின் நுனி அப்பளம் பொரிந்தது போலச் சுருண்டிருந்தது. அவருடைய காலுக்கென்று கடையில் சூடாக்கி அச்செடுத்த மெத்தை அது. அவர் ஒன்றும் கத்தவில்லை. "காலுக்கு வைத்தியம் பார்க்கிற விலை" என்று மட்டும் சொன்னார். அந்த விலையில் பாதியை நான் கட்டினேன்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. மாலையில் சப்பாத்து வந்ததும் எல்லாக் கொளுக்கிகளையும் திறந்து, நாக்கை முன்னால் இழுத்துவிட்டுத்தான் குழாயில் மாட்டுவது. மிகவும் நனைந்திருந்தால் உள்மெத்தையை வெளியே எடுத்துத் தனியாகக் காயவைப்பது. குழாய் போதாவிட்டால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது. இது நம் ஊர் மழைக்காலப் பள்ளிச் சப்பாத்து வைத்தியம்தான், பிழைத்ததில்லை. காலையில் சப்பாத்தை வாசலில் குளிரில் எடுத்து வைக்காதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும், காலை நுழைக்கவே பத்து நிமிடம் போராட வேண்டும். சூடாக இருக்கும்போதே உள்ளே நின்று போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

"சப்பாத்து வலிக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் காலுறையைப் பாருங்கள். புதியவர்கள் குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுவார்கள். மடிப்பு விழும், இரத்த ஓட்டம் தடைப்படும், கால் இன்னும் குளிரும். மெல்லிய, நீண்ட ஒன்றே ஒன்றுதான். உள்ளாடையின் அடியைச் சப்பாத்துக்குள் திணித்திருந்தால் அதையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த வலிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டோடு தீர்ந்தன. தீராவிட்டால் கடைக்கு அனுப்புங்கள். வாடகைச் சப்பாத்தை மாற்றித் தருவார்கள். வெட்கப்பட்டு மூன்று நாள் வலியைத் தாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்ட் ஆட்களின் சிக்கல் வேறு. அவர்களுடைய சப்பாத்து மென்மையானது, நடக்க வசதியானது, வலி குறைவு. ஆனால் பழகுகிறவர்கள் பனியில் உட்கார்ந்தே நாளைக் கழிப்பதால் காற்சட்டையும் கையுறையும் பிழியப் பிழிய நனைந்து வரும். எங்கள் அறையில் கையுறைக்குத் தனிக் கொக்கிகள் இல்லை. ஜனவரியில் தும்புத்தடி ஒன்றை இரண்டு கதிரைக்கு நடுவே வைத்துக் கொடியாக்கினேன். பருவம் முடியும்வரை அது அப்படியே இருந்தது.

ஸ்கீக்களைத் துடைத்து வையுங்கள்; ஈரத்தோடு விட்டால் இரும்பு விளிம்பில் ஒரே இரவில் துருப் படியும். ஒவ்வோர் அறைக்கும் எண்ணிட்ட இடம் கொடுங்கள். வாடகை ஸ்கீக்கள் எல்லாம் ஒரே நிறம், ஒரே எழுத்து. மலைமேல் உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து வேறொருவருடைய சோடியை எடுத்து வந்தவர்கள் இந்தப் பருவத்தில் மூன்று பேர். இப்போது எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன்: சாப்பிடப் போகும்போது சோடியைப் பிரித்து ஓர் ஸ்கீயை இங்கேயும் மற்றதை நாலு அடி தள்ளியும் நிறுத்துங்கள். திருடனுக்கும் மறதிக்காரருக்கும் அந்த ஒரு தந்திரமே போதும்.

மாலை ஐந்து மணி

இந்த வேலையின் அச்சாணி காலை உணவு என்று பலர் நினைக்கிறார்கள். காலை எட்டரைக்கு எல்லோரும் லிஃப்டுக்கு ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. நாளைக்கு எங்கே போவது, எந்தப் பக்கம் வேண்டாம், யாருக்குப் பயிற்சி ஆசிரியர் வேண்டும் என்பதெல்லாம் முதல் நாள் மாலையே முடிவாகிவிட வேண்டும். தாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்குப் பனிச்சரிவு அறிக்கையை வெளியிடுகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அதைப் புதுப்பிக்கிறது. விருந்தினரும் சுமார் ஐந்து மணிக்குத்தான் சிவந்த முகத்தோடு வந்து சேர்கிறார்கள். சூப்புப் பானையும் அறிக்கையும் ஒரே நேரத்தில் தயாராக இருக்க வேண்டும்.

அறிக்கையில் ஐந்து நிலைகள். விருந்தினர் இதைப் பள்ளிப் புள்ளி போலப் படிக்கிறார்கள்: ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம், பயமில்லை என்று. அப்படியல்ல. 3 என்றால் அபாயம் குறிப்பிடத்தக்கது. ஒரே ஒரு ஆளின் பாரத்திலேயே பனிச்சரிவு கிளம்பலாம். பனிச்சரிவில் இறப்பவர்களில் பெரும்பங்கினர் 4இலும் 5இலும் அல்ல, 3இல்தான் இறக்கிறார்கள். 4 வந்தால் எல்லோரும் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்களே. இந்த அறிக்கை குறியிட்ட சறுக்குப் பாதைகளுக்கு வெளியே போகிறவர்களுக்கானது. திறந்திருக்கும் பாதைகளைக் காப்பது லிஃப்ட் நிறுவனங்களின் பொறுப்பு. கயிறு கட்டி மூடியிருந்தால் மூடியதுதான். "நேற்று ஒருவன் போன தடம் இருக்கிறதே" என்று ஒரு விருந்தினர் என்னிடம் வாதாடினார். தடம் போனவன் திரும்பி வந்தானா என்று தடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன்.

ஆனால் வழிகாட்டியாக மாறிவிடாதீர்கள். எந்த மலைச்சரிவு பத்திரம் என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் தகுதி இல்லை. அறிக்கையைக் காட்டுங்கள், பாதைக்கு வெளியே போக விரும்புகிறவர்களைச் சான்றிதழ் பெற்ற மலைவழிகாட்டியிடம் அனுப்புங்கள், அதோடு நிறுத்துங்கள்.

வானிலையில் நான் விட்ட பிழை இன்னொன்று. ஜனவரியில் ஒரு மாலை, "நாளைக்கு நல்ல வெயில்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். வெயில் வந்தது, கூடவே ஃபோன் காற்றும் வந்தது. ஃபோன் என்பது தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி விழும் வறண்ட சூட்டுக் காற்று. வானம் நீலமாக இருக்கும், மலை கை நீட்டினால் தொடலாம் போலக் கிட்டத் தெரியும், ஆனால் கேபிள் கார்கள் காற்றுக்கு நின்றுவிடும். நீல வானத்தைக் காட்டி எட்டுப் பேர் என்னைப் பார்த்த பார்வை! அன்றிலிருந்து வானத்தைப் பற்றி வாக்குக் கொடுப்பதில்லை. "அறிக்கை இப்படிச் சொல்கிறது, லிஃப்ட் நிலவரத்தைக் காலை ஏழரைக்குப் பலகையில் எழுதுகிறேன்" என்று மட்டும் சொல்கிறேன்.

காற்று நாளுக்கென்று ஒரு மாற்றுத் திட்டம் பலகையின் அடியில் நிரந்தரமாக இருக்கட்டும். ஊரில் பனிக்கட்டிச் சறுக்குத் தளம் உண்டு, கீழே லவுட்டர்புருன்னனில் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவ்ப்பாக் அருவி உண்டு, பேர்ண் நகரத்துக்கு ரயில் உண்டு. ஸ்னோபோர்ட் ஆட்களுக்கு மட்டும் ஒரு வரி கூட: சமதளமான நீண்ட இணைப்புப் பாதைகளை வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். அங்கே ஸ்கீக்காரன் தடியால் உந்திப் போய்விடுவான். ஸ்னோபோர்ட்காரன் பலகையைக் கழற்றி நடக்க வேண்டும்.

குசினி

இதைப் பற்றித்தான் கேட்டீர்கள், சொல்வதற்குக் குறைவாக இருக்கிறது. பாண், வெண்ணெய், சீஸ், முட்டை, ஓட்ஸ், பழம், நிறையக் கோப்பி. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. முட்டைக்கு அரை நிமிடம் கூட வையுங்கள், பருப்பு வேகவும் சுணங்கும். சைவமா, பால் ஒவ்வாதா, கொட்டை ஒவ்வாதா என்று வியாழக்கிழமைச் செய்தியிலேயே கேட்டுவிடுங்கள். கடைகள் சிறியவை, ஞாயிறு மாலை ஓடிப்போய் வாங்க முடியாது.

மாலைச் சூப்புக்கு முதலாளி கொடுத்த பட்டியலில் பூசணியும் உருளைக்கிழங்கும் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை கிழங்கு தீர்ந்துவிட, மைசூர்ப் பருப்பை அவித்துக் கடைந்து, உள்ளி, சீரகம், கொஞ்சம் செத்தல் மிளகாய் தாளித்து ஊற்றினேன். பானையை வழித்துவிட்டார்கள். அதன் பிறகு செவ்வாய் என்றால் பருப்பு. உறைப்பை மட்டும் குறையுங்கள்.

விழுந்தால்

விழுவார்கள். ஸ்கீயில் முழங்கால், ஸ்னோபோர்டில் மணிக்கட்டு. வந்த முதல் மாலையே காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். இங்கே ஒரு முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்கிறவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினருக்கு அது இல்லை. பாதையில் இருந்து சறுக்கு வண்டியில் இறக்கினாலே கட்டணச் சீட்டு வரும். ஹெலிகொப்டர் என்றால் ஆயிரக் கணக்கில் பிராங்க்.

எண்கள் வாசலில் பெரிதாக இருக்க வேண்டும்: அம்புலன்ஸ் 144, ரேகா வான்மீட்பு 1414. பாதையில் நடந்த விபத்துக்கு, பாதை வரைபடத்தில் இருக்கும் மீட்புக் குழுவின் எண்ணை அழைக்க வேண்டும். பாதையோரக் கம்பங்களில் எண் இருக்கும், அதைச் சொன்னால் இடம் விளங்கிவிடும். விழுந்தவருக்குச் சற்று மேலே, இரண்டு ஸ்கீக்களைக் குறுக்காகப் பனியில் குத்திவைக்கச் சொல்லிக் கொடுங்கள். மேலிருந்து வருகிறவர்கள் விலகிப் போவார்கள். இன்னொன்றையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லுங்கள்: முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருகிறவர் பார்த்து வர வேண்டும்.

பெப்ரவரியில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தாள். தாய் அழுதுகொண்டிருந்தார். எண்ணும் பத்திரமும் பலகையில் தயாராக இருந்ததால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து, தாயும் மகளும் ரயிலேறினார்கள். இரவு திரும்பி வந்ததும் அந்தப் பெண் கேட்டது: "நாளைக்கு நான் சப்பாத்து அறையில் உங்களுக்கு உதவட்டுமா?" மிச்ச மூன்று நாளும் ஒற்றைக் கையால் கொளுக்கி திறந்துவிட்டாள்.

இரண்டு நெருக்கடிக் காலங்கள்

ஜனவரி நடுவில் லவுபர்ஹோர்ன் ஸ்கீப் பந்தயம். 1930 முதல் நடக்கிறது; ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் இறக்கத்தை இரண்டரை நிமிடத்தில் முடிக்கிறார்கள், ஓரிடத்தில் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல். பந்தயப் பாதை ரயில் தண்டவாளத்துக்கு அடியிலும் நுழைந்து போகிறது. பார்க்க அழகு, வேலை செய்யக் கொடுமை. அத்தனை கூட்டமும் அந்த ஒற்றை ரயிலில்தான் ஏறி இறங்க வேண்டும். பாண், பால், முட்டை எல்லாம் புதன்கிழமையே வாங்கி வையுங்கள். அந்தச் சனிக்கிழமை விருந்தினர் மாற்றம் வைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். நாங்கள் வைத்தோம்; பெட்டியோடு வந்த குடும்பமும் போன குடும்பமும் மேடையில் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன.

பெப்ரவரி பள்ளி விடுமுறை மாதம். சுவிஸில் மாநிலத்துக்கு மாநிலம் கிழமை வேறு, ஆங்கிலேயருக்கு வேறு. வெங்கனுக்கு ஆங்கிலேயர் வருவது நூற்றாண்டுப் பழக்கம்; அவர்களுடைய ஸ்கீ சங்கம் ஒன்று 1925இலேயே இங்கே தொடங்கப்பட்டது. பாட்டன் காலத்திலிருந்து வருகிற குடும்பங்களுக்கு ஊரைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். அவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்புகளுக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டிய காலமும் இதுதான்.

அயலவர் விஷயம் இரண்டு வரி. இரவு பத்துக்குப் பிறகு சத்தம் கூடாது. ஸ்கீச் சப்பாத்தோடு மரப்படியில் ஏறவே கூடாது. குப்பையைக் கட்டணம் கட்டிய பையில்தான் போட வேண்டும், போத்தல்களை ஞாயிறில் போடக்கூடாது. பிழை விட்டால் கடிதம் விருந்தினருக்கு வராது, உங்களுக்கு வரும்.

கதவை மூடும் கிழமை

பருவம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். உடைந்தது, தொலைந்தது, போதாமல் போனது எல்லாவற்றையும் நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். என் பட்டியலில் இருப்பவை: கையுறைக்கு முப்பது கொக்கி, தடித்த மிதியடி இரண்டு, துவாய் பன்னிரண்டு, பலகைக்குப் புதிய பேனை, ஒற்றைக் கையுறைகளைப் போட ஒரு பெட்டி. கையுறைகள் பதினொன்று சேர்ந்துவிட்டன, அதில் ஒன்பது இடது கை.

வருகிறவர்கள் நவம்பர் கடைசியில் வந்ததும் முதல் வேலையாகச் சப்பாத்து உலர்த்தியை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் கை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இடமிருந்து மூன்றாவது குழாயில் காற்று வருவதில்லை. அதை நான் கண்டுபிடித்தது மார்ச்சில்.